தூணுக்குப் பின்னால் ஒரு பெட்டி

காக்கநாட்டில் புது ஹால் கட்டியிருக்கிற பிள்ளைகள், எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி மாடிச் சங்கீத சபையின் பழைய மைக் செட்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர், ரெண்டு மைக், ஆள் உயர ஸ்பீக்கர், அப்புறம் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. எல்லாவற்றையும் துடைத்து, மேலே லைட் போட்டு, பக்கத்தில் ஜோசப்பின் பெயரையும் போட்டோவையும் மாட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே சபையில் ஜோசப் வருவதற்கு முன்னாலிருந்து கதவு சாத்துகிற நாள் வரைக்கும் ஆட்களை உட்கார வைத்தவன் நான். என் வேலையை எந்தக் கண்ணாடிக்குள் வைப்பார்கள்? கிழிந்த ஜமக்காளத்தையா?

அந்த ஹாலைப் பார்த்துக்கொள்கிற நீனா என்ற பெண்தான் திறப்பு விழா முடிந்து போடுகிற மலருக்கு எழுதித் தரும்படி கேட்டாள். "ஜோசப் சேட்டனோடது வந்தாச்சு அங்கிள், உங்களோடதுதான் பாக்கி" என்றாள். சேட்டன் என்றால் இங்கே அண்ணன். துபாயில் மகள் வீட்டில் இருக்கிறவனிடமிருந்து அதற்குள் வந்தாச்சாம். நான் பஸ் ஏறி வருகிற தூரத்தில் இருக்கிறேன், என்னிடம் கடைசியில்தான் கேட்கிறார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் பொறாமையை மறைத்து எழுத எனக்கு வராது. வயிறு எரிந்த இடத்தில் எரிந்தது என்றுதான் எழுதுவேன்.

என் பெயர் சுடலைமுத்து. மலையாளிகள் வாய்க்கு அது நீளம் என்பதால் முத்து ஆனேன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிச் சுக்கு கோடவுனுக்கு, அதாவது கிடங்குக்கு, வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் அம்மா சொல்லித் தந்த தமிழ். இதில் பிழை இருந்தால் நீனா திருத்திக்கொள்ளட்டும். அவளுக்குத் தமிழ் வாசிக்கவே வராது என்பது வேறு விஷயம்.

சபை இருந்தது அந்தக் கோடவுனுக்கு மேல் மாடியில். கீழே மிளகும் சுக்கும், மேலே பாட்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். அப்புறம் பாடுகிறவர்களுக்கு வெந்நீர் கொண்டு போகிற வேலை. அப்புறம் ஒரு நாள் ஆள் உட்கார வைக்கிறவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆள் உட்கார வைப்பது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், கேட்காத ஆளே கிடையாது. முதலில் தரையைச் சொல்கிறேன். அது பலகைத் தரை. வாரம் முழுக்கக் கீழே மிளகு சலிக்கிறார்கள், அந்தத் தூசி பலகை இடுக்கு வழியாக மேலே ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி என்றால் காலையிலேயே ஈரச் சாக்கு போட்டு மூலை மூலையாக இழுத்துவிட வேண்டும். ஒரு தடவை வேறு ஒருத்தன் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிவிட்டான். அன்றைக்கு ஆலாபனைக்கு நடுவே முன்வரிசையில் ஆரம்பித்த தும்மல் ஜன்னல் ஓரம் வரை போய்த் திரும்பி வந்தது. பாடினவர் நிறுத்திவிட்டு, "இந்த ஊரில் கை தட்டுவதற்குப் பதில் இதுதான் வழக்கமா?" என்று கேட்டார்.

தரைக்கு அப்புறம் ஆட்கள். எர்ணாகுளத்திலிருந்து காயல் தாண்டி போட்டில் வருகிறவர்களைக் கதவுப் பக்கம் வைக்க வேண்டும். கடைசி போட்டைப் பிடிக்க அவர்கள் பாதியில் எழுந்து போவார்கள், நடுவில் வைத்தால் அத்தனை பேர் முழங்காலையும் மிதித்துக்கொண்டு போவார்கள். இருமுகிறவர் ஜன்னல் ஓரம். தூங்குகிறவர் சுவர் ஓரம், ஏனென்றால் சாய்வதற்குச் சுவர் இல்லாவிட்டால் பக்கத்து ஆள் தோளில் சாய்வார். தொடையில் தட்டித் தாளம் போடுகிறவர்கள் ரெண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒருத்தர் தாளம் மற்றவருக்குத் தப்பாகப் படும், பாட்டை விட்டுவிட்டு ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். 

வாஹ் வாஹ் சொல்கிறவர்கள்தான் பெரிய பாடு. எங்களிடம் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வளையல் கடைக்காரர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ரெண்டு பேருக்கும் யார் முந்திச் சொல்வது என்பதில் பெரிய போட்டி. சேர்த்து உட்கார வைத்தால் பாடகர் வாயைத் திறப்பதற்குள் வாஹ் வந்துவிடும். அதனால் ஒருத்தரை வலது கோடியிலும் ஒருத்தரை இடது கோடியிலும் பிரித்து வைப்பேன். அப்படிப் பிரித்து வைத்தால் ஹால் முழுக்க ரசிகர்கள் இருப்பது மாதிரி பாடகருக்குத் தோன்றும், அவரும் உற்சாகமாகப் பாடுவார். வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் சொல்வார்கள், இன்றைக்கு என்ன ஒரு கச்சேரி என்று. அதற்கு நான்தான் காரணம் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

செக்ரட்டரி மூல்ஜி சேட்டுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன். குஜராத்தி, ஏலக்காய் வியாபாரி, மெலிந்த ஆள். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கச்சேரிக்கு முன்னால் காலி ஹாலுக்கு வருவார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து பார்ப்பார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பெஞ்சு, ஜன்னல் ஓரம், எல்லா இடமும். மேடையை ஏதாவது மறைக்கிறது என்றால் ஒரு விரலைத் தூக்குவார், நான் திண்டை நகர்த்துவேன். சரியாக இருந்தால் "ம்" என்பார். அந்த ஒரு 'ம்'மை வாங்குவதற்கு நான் காலையிலிருந்து உழைத்திருப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அவர் உட்கார்ந்து பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். பெண்கள் பக்கம் நடுவே கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு தேக்குத் தூண் நின்றது. ரெண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரலாம், ஆனால் மேடை துளிக்கூடத் தெரியாது. அந்த இடத்துக்கு டிக்கெட் கொடுப்பதில்லை.

அந்த இடத்தில் என் மனைவி செண்பகத்தை உட்கார வைத்தேன்.

இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். சபையில் வேலை பார்க்கிறவன் வீட்டு ஆட்களுக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் நாளைக்கே ஒருத்தர் எழுந்து, முத்து தன் பொண்டாட்டியை முன்வரிசையில் வைத்துவிட்டு எங்களைப் பின்னால் தள்ளினான் என்று சொல்லக்கூடாது பாருங்கள். கல்யாணமான புதிதில் முதல் கச்சேரிக்கு அவள் வந்தபோதே தூணைக் காட்டி, "அதுக்குப் பின்னால உக்காந்துக்கோ, பாட்டு காதுலதானே விழப்போகுது" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சேட் அதைப் பார்த்து "ம்" என்றார். காலி ஹாலுக்கு இல்லாமல் எனக்காக அவர் சொன்ன முதல் 'ம்' அது.

எழுபதுகளின் நடுவில் சபைக்கு மைக் வந்தது. மைக்கோடு ஜோசப்பும் வந்தான். போர்ட் கொச்சிக்காரன், என்னைவிடச் சின்னவன், சுருட்டை முடி, எப்போதும் ஒரு சிரிப்பு. வந்த அன்றைக்கே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டான். மலையாளிகளுக்குத் தமிழன் என்றால் எல்லோரும் அண்ணாச்சிதான், ஆனால் இவன் கூப்பிட்டால் கேலியா மரியாதையா என்று தெரியாது. கோபப்படலாம் என்று பார்த்தால் கையில் சாயா கிளாஸோடு நிற்பான்.

அவன் வேலை என்ன? மைக்கை வைப்பது, திருகைத் திருகுவது, விசில் சத்தம் வந்தால் ஓடிப்போய்க் குறைப்பது. நான் காலையிலிருந்து சாக்கு இழுத்து, திண்டு போட்டு, தாளக்காரர்களைப் பிரித்து வைத்திருப்பேன். அவன் கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து "ஹலோ, ஹலோ" என்பான். படி இறங்கும்போது எல்லோரும் யாரைத் தட்டிக்கொடுப்பார்கள்? "ஜோசப்பே, இன்னைக்கு சவுண்டு கலக்கிட்டே!" வளையல் கடைக்காரர் சொல்வார், வாத்தியார் சொல்வார், போட்டுக்கு ஓடுகிறவர்கள்கூட ஓடிக்கொண்டே சொல்வார்கள். நான் பக்கத்திலேயே செருப்பு டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பேன். 'இன்னைக்கு உட்கார்ந்த இடம் நல்லா இருந்தது முத்து' என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னதில்லை. நோகாமல் நொங்கு தின்கிறவன் அவன், வெட்டிப் போடுகிறவன் நான்.

ஊரார் சொல்லாவிட்டால் போகட்டும். வீட்டுக்காரி சொல்லலாம் அல்லவா? கச்சேரி முடிந்து ஹாலைப் பூட்டிவிட்டு நானும் செண்பகமும் சந்து வழியாக நடந்து வீட்டுக்குப் போவோம். அவள் தென்காசியில் பிறந்து வளர்ந்தவள், பேச்சு இன்னும் அந்தப் பேச்சுதான். இசை பற்றி எதுவும் தெரியாது, ராகம் தாளம் எதுவும் தெரியாது, ஆனால் ஒரு கச்சேரி விடமாட்டாள். நடக்கும்போது நான் சும்மா கேட்பது மாதிரி கேட்பேன், "எப்படி இருந்துச்சு?"

"ஜோசப்பண்ணன் இன்னைக்கு நல்லா வச்சிருந்தாவ. அந்தம்மா மூச்சு விடுதது வரைக்கும் கேட்டுச்சு."

வாராவாரம் இதுதான். பாடகர் நல்லா பாடினார் என்றுகூடச் சொல்லமாட்டாள். ஜோசப்பண்ணன், ஜோசப்பண்ணன். எனக்கு எப்படி இருக்கும்? தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அந்த மாதிரிச் சந்தேகம் ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. ஜோசப் அவளிடம் நாலு வார்த்தை பேசியிருப்பானா என்பதே சந்தேகம். அந்த மாதிரிப் பொறாமை என்றால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். இது வேறு. ஊரில் ஒரு ஆள், என் வீட்டில் சாப்பிட்டு, என் கூட நடந்து வருகிற ஒரே ஒரு ஆள், என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன். அது கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் அவனுக்குப் போனது.

"ஏன், உக்கார்ற எடம் சரியில்லாட்டி சவுண்டு மட்டும் இருந்து என்ன செய்ய?" என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஆமா, அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஜோசப் அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தான். வீட்டில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றினதாம். பலகையில் தானே அடித்துச் செய்த பெட்டி, ஒரு முழம் உயரம்கூட இருக்காது. அதைத் தூணின் பின்பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, வயரைக் கூரைச் சட்டத்தோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாலில் எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்பது என் வேலை. "என்னத்துக்குடா அங்க ஒரு பொட்டி? அந்த எடத்துக்கு டிக்கெட்டே கெடையாது."

ஜோசப் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தான். "அவிடெயும் ஆளுண்டல்லோ, அண்ணாச்சி" என்றான்.

அங்கேயும் ஆள் இருக்கிறதாம். யார் ஆள்? சபைக்காரன் வீட்டு ஆள். டிக்கெட் வாங்கின ஆளா? நேராக சேட்டிடம் போனேன். வயர் தொங்குகிறது, பெண்கள் தலையில் இடிக்கும், ஹாலுக்கே அசிங்கம் என்று சொன்னேன். சேட் எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தூணுக்குப் பின்னால் கிடந்த கிழிந்த பாயைப் பார்த்தார். அப்புறம் ஜோசப்பைப் பார்த்து "ம்" என்றார். பெட்டி அங்கேயே இருந்தது.

என் 'ம்'மை அவன் வாங்கிக்கொண்டு போனான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. செண்பகம் கேட்டதற்கு வயிற்றுக் கோளாறு என்றேன், அவள் எங்கள் கோடவுன் சுக்கையே தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

இனி அந்த மழை நாளைச் சொல்கிறேன். இதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம், ஜூன் மாதம் இங்கே பிடிக்கிற இடவப்பாதி மழை. வடக்கேயிருந்து ஒரு பாடகி அம்மா வந்திருந்தார்கள். வயதானவர்கள், குரல் மெல்லிசு, ஆனால் அதற்குள் ஒரு வலி இருக்கும், மைக் இருந்தால்தான் பின் பெஞ்சு வரை போகும். ஹால் நிரம்பிவிட்டது. படியிலும் ஆட்கள். ரெண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது, அரிக்கேன் விளக்குகளை ஏற்றினோம்.

ஜோசப் பேட்டரிக்கு ஓடினான். எப்போதும் ஒரு பேட்டரி தயாராக இருக்கும். அன்றைக்கு அது சார்ஜ் போடக் கொடுத்த கடையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? நெஞ்சுக்குள் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

ஓட்டின் மேல் மழை சடசடவென்று கொட்டுகிறது. பாடகி அம்மா பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், உதடு அசைவது தெரிந்தது, மூன்றாவது வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. முணுமுணுப்பு ஆரம்பித்தது. போட்டுக்காரர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அப்போது சேட் திரும்பினார். ஜோசப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்கு ஹாலின் ஒவ்வொரு பலகையும் தெரியும். மேடைக்கு மேலே வெறும் ஓடு, மழை அத்தனையும் தலையில் கொட்டுகிற மாதிரிச் சத்தம். ஆனால் ஹாலின் வலது பாதிக்கு மேலே பலகை மச்சு இருந்தது, அதற்கு மேல்தான் ஓடு. மச்சுக்கு அடியில் நின்றால் மழை அடுத்த தெருவில் பெய்கிற மாதிரி இருக்கும். நான் பாடகி அம்மாவிடம் போய்க் கும்பிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கீழே இறங்கி வரச் சொன்னேன். அவர்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள், பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஆர்மோனியத்தை நான் தூக்கினேன். மச்சுக்கு அடியில், சுவருக்கு முதுகு காட்டி அவர்களை உட்கார வைத்தேன். சுவர் இருந்தால் சத்தம் முன்பக்கம் வரும். தபலாக்காரரை ஒரு கஜம் பின்னால் தள்ளி வைத்து, விரல் நுனியால் மட்டும் வாசிக்கச் சொன்னேன்.

அப்புறம் ஆட்கள். குழந்தை மாதிரி எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள், அதை நினைத்தால் இப்போதும் மேல் சிலிர்க்கிறது. குள்ளமானவர்கள் முன்னால், முழங்கால் மடித்து. அவர்களுக்குப் பின்னால் உயரமானவர்கள், அதற்குப் பின்னால் பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறவர்கள். பெண்கள் ஒரு பக்கம் அரை வட்டம், ஆண்கள் ஒரு பக்கம் அரை வட்டம். கடல் பக்க ஜன்னலையெல்லாம் சாத்தினேன், தூணுக்குப் பின்னால் இருந்த ஒன்று மட்டும் மழையில் ஊறி மாட்டிக்கொண்டு சாத்த வரவில்லை, விட்டுவிட்டேன். எல்லோருக்கும் இடம் போதாது என்று தெரிந்ததும் குரல் கொடுத்தேன். "டிக்கெட் வாங்கினவங்க மட்டும் முன்னால வாங்க. சபைக்காரங்க வீட்டு ஆளுங்க இருந்த எடத்துலயே இருங்க!" அதுதான் முறை. மூல்ஜி சேட்டின் டிரைவர்கூட நின்ற இடத்திலேயே நின்றார்.

பாடகி அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அந்தப் பாட்டை நான் எழுதிக் காட்ட முடியாது. அங்கே இருந்தவர்களைச் சொல்கிறேன். சுவர் ஓரத்தில் எப்போதும் தூங்குகிற கப்பல் கம்பெனிக் கிழவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார். தாளக்காரர்களின் கை தொடை மேலேயே நின்றுவிட்டது. போட்டுக்காரர்கள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, போட்டு போயே போய்விட்டது. வளையல் கடைக்காரரும் வாத்தியாரும் நெருக்கத்தில் முதல் தடவையாகத் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள், ரெண்டு பேருமே வாஹ் சொல்ல மறந்துபோனார்கள். 

நான் கதவில் சாய்ந்து நின்றேன். இத்தனை வருஷம் செய்த வேலை அன்றைக்குத்தான் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு யாரும் மறுக்க முடியாது, மைக் இல்லை, ஜோசப் இல்லை, நான்தான்.

கச்சேரி முடிந்து எல்லோரும் படி இறங்கினார்கள். நான் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. முதலில் வளையல் கடைக்காரர் வந்தார். ஜோசப்பின் தோளில் ஓங்கித் தட்டினார். "ஜோசப்பே, மைக் ஆஃப் ஆக்கியது நன்னாயி! எந்தொரு சவுண்டு!"

மைக்கை அவன் நிறுத்தினதால்தான் சத்தம் நன்றாக வந்ததாம். அட கடவுளே! மைக் இருந்தாலும் ஜோசப், மைக் இல்லாவிட்டாலும் ஜோசப்!

ஜோசப் பதறிவிட்டான். "ஞான் ஒண்ணும் செய்தில்லா சேட்டா. எல்லாம் நம்ம அண்ணாச்சியாணு" என்று என்னைக் காட்டினான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? பின்னால் வந்த வாத்தியாரிடம் திரும்பி, "கண்டோ, இத்தனை செஞ்சுட்டும் பையனுக்கு எவ்வளவு அடக்கம்" என்றார். வாத்தியாரும் ஆமாம் என்றார். ரெண்டு பேரும் வாழ்க்கையில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எனக்கு டோக்கனையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா என்று வந்தது.

சேட் கடைசியாக இறங்கினார். என் முன்னால் நின்றார். "ம்" என்றார். ஒரு படி இறங்கி, திரும்பி, இன்னொரு தரம் "ம்" என்றார். சரி, அது போதும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அது போதாது. செண்பகம் இருக்கிறாளே, அவளும் அங்கேதானே இருந்தாள், அவள் கண்ணால் பார்த்தாளே, அவள் சொல்வாள்.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையில் சந்து வழியாக நடந்தோம். அவள் சேலையில் பாதி நனைந்திருந்தது. அவளாகச் சொல்வாள் என்று நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். தெரு முனையில் கேட்டுவிட்டேன், "எப்படி இருந்துச்சு?"

"மழைச் சத்தந்தாங்க கேட்டுச்சு" என்றாள்.

"பாட்டு?"

"பாட்டு ஒண்ணும் கேக்கல."

குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் நனைந்துகொண்டே முன்னால் நடந்தேன். ஹாலே அழுதது, இவளுக்கு மட்டும் கேட்கவில்லையாம். ஜோசப் மைக் வைத்தால் பாடகி மூச்சு விடுவது கேட்குமாம், நான் வைத்தால் மழை கேட்குமாம். வேண்டுமென்றே சொல்கிறாள், இவள் ஜோசப் கட்சி என்று முடிவு கட்டினேன். அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த கச்சேரி முடிந்து வரும்போது, நான் கேட்காமலே, "இன்னைக்கு ஜோசப்பண்ணன் நல்லா வச்சிருந்தாவ" என்றாள். அதற்கப்புறம் நான் எந்தக் கச்சேரியைப் பற்றியும் அவளிடம் கேட்டதில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் சேட் காலமானார். அவர் பிள்ளைகளுக்குப் பாட்டில் நாட்டம் இல்லை, சபையை மூடினார்கள். இப்போது அந்தக் கட்டிடம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டல். நான் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் உட்கார வைக்கப் போனேன், முழங்கால் மடங்க மறுக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். ஜோசப் மைக் செட் வாடகைக் கடை போட்டு நன்றாக வந்தான். அதற்கும் எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

போன மாதம் காக்கநாட்டு ஹால் திறப்பு விழாவுக்கு நீனா எனக்கும் செண்பகத்துக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தாள். உள்ளே போகும் வழியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி. நான் பார்க்காத மாதிரி நடந்தேன், நீனா விடவில்லை. 

"அங்கிள், எல்லாத்துக்கும் பேர் எழுதிட்டோம். இந்தச் சின்னப் பெட்டி மட்டும் எங்க இருந்துச்சு, யாருக்குன்னு தெரியல. ஜோசப் சேட்டன்கிட்ட போன்ல கேட்டா, அண்ணாச்சிகிட்ட கேளுங்கன்னு சிரிக்கிறார்."

நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் கண்ணாடி மேல் கையை வைத்துவிட்டாள். "இது எனக்குல்லா" என்றாள். "தூணுக்குப் பொறத்தால இருந்துச்சு. மத்தவுகளுக்கெல்லாம் பாடுதவுக மொகம் தெரியும். எனக்கு இந்தப் பொட்டிதான். இதுதான் எனக்குப் பாடும்."

நீனா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மழை நாள் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. கரண்ட் இல்லை, பெட்டி ஊமை. சாத்த வராத ஜன்னல். ஹாலையே அள்ளி மச்சுக்கு அடியில் கொண்டுபோன நான், தூணுக்குப் பின்னால் ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தேன். சபைக்காரன் வீட்டு ஆள், இருந்த இடத்திலேயே இருந்தாள். 

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? எடம் மாத்திக் கொடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இருமுதவுகள, தூங்குதவுகள, ஒவ்வொருத்தரையா பாத்துப் பாத்து உக்கார வைப்பீய. என்னையும் அப்படிப் பாத்துத்தான வச்சிருப்பீயன்னு இருந்துட்டேன்."

கச்சேரி ஆரம்பித்தது. மெத்தை போட்ட நாற்காலி, நம்பர் போட்ட இடம், எதிரிலேயே பாடகி. நல்ல பெண், முகத்தில் அத்தனை உணர்ச்சி. நான் செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொறந்து பாரேன், முன்னாலதான் இருக்கோம்" என்று காதில் சொன்னேன்.

"சும்மா இருங்க" என்றாள். "பாத்துக்கிட்டே கேட்டா எனக்குப் பாட்டு வெளங்க மாட்டேங்கு."

பாட்டு முடிகிற வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. நான் பாட்டைக் கேட்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். நீனா, அந்தச் சின்னப் பெட்டிக்குக் கீழே செண்பகம் பெயரை எழுதிக்கொள். அதைச் செய்தவன் ஜோசப் என்றும் எழுது. என் பெயர் அங்கே வேண்டாம். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.